மார்ச் மாதம் சியாங் மாய் போகலாமா?

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். மகனுக்குப் பரீட்சை முடிந்ததும் மார்ச் கடைசி வாரம் தாய்லாந்தில் உள்ள சியாங் மாய் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகன், 68 வயதான என் அம்மா என நான்கு பேர். சென்னை – பாங்காக் டிக்கெட் போட்டாயிற்று. அதற்கு மேல் எதுவும் பதிவு செய்யவில்லை. மலை ஊர் என்பதால் ஊட்டி மாதிரி குளுகுளுவென்று இருக்கும் என்று தோழி சொன்னாள். அம்மா சுத்த சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. லேசான ஆஸ்துமா உண்டு. வானத்தில் விளக்குகள் பறக்கிற காட்சியைச் செல்போனில் பார்த்ததிலிருந்து அவருக்கு அந்த ஊர் மேல் ஆசை. மகனுக்கு யானை சவாரி செய்ய வேண்டுமாம். ஐந்து நாட்களில் சியாங் மாய், பாய், சியாங் ராய் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அம்மாவுக்கு லேசான ஆஸ்துமா என்று. என் பதில் முழுவதும் அந்த வரியைச் சுற்றித்தான். மார்ச் கடைசியில் அம்மாவை சியாங் மாய்க்கு அழைத்துப் போகாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம் புகை. பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, சில வருடங்களில் அதற்கு மேலும், வடக்குத் தாய்லாந்து முழுக்கப் புகைமூட்டமாக இருக்கும். மழை நின்று மாதக்கணக்காகியிருக்கும். காட்டில் சருகு காய்ந்து கிடக்கும். மக்காச்சோளம் அறுத்த நிலத்தில் தட்டையைக் கொளுத்துவார்கள். காளான் எடுக்கவும் வேட்டைக்கும் காட்டில் வைக்கிற தீ தனி. எல்லைக்கு அப்பால் மியான்மாரிலிருந்தும் புகை வரும். சியாங் மாய் நான்கு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரவில் தரையோடு குளிர்ந்த காற்று தங்கிவிட, அதன் மேல் வெப்பக் காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். பாத்திரத்தை மூடி அடுப்பில் வைத்தால் ஆவி எங்கே போகும்? அதே கதைதான். நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய பி.எம். 2.5 என்ற நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்ச் மாத சியாங் மாயில் அது 100-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. உலக நகரங்களிலேயே காற்று மிக மோசமான இடங்களின் அன்றாடப் பட்டியலில் இந்த ஊர் முதலிடத்துக்கு வருவதும் அந்த மாதத்தில்தான்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு குடும்பத்தை மார்ச் மாதம் அங்கே அனுப்பினேன். ஓட்டல் அறை பாதி விலைக்குக் கிடைத்தது. ஏன் பாதி விலை என்று நான் விசாரித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெரியவர் போன் செய்து, "மலை மலை என்றீர்களே, எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ஊரின் மேற்கு விளிம்பிலேயே 1,676 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற சுதேப் மலை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகும் அவருக்கு இருமல் நிற்கப் பல நாட்கள் ஆயின. அவருக்கு ஆஸ்துமா எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு யார் எந்த ஊர் கேட்டாலும் முதலில் மாதத்தைத்தான் கேட்கிறேன்.

அப்புறம் அந்த ஊட்டி விஷயம். உங்கள் தோழியைக் குறை சொல்ல முடியாது, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சியாங் மாய் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 310 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உங்கள் கோவை சுமார் 410 மீட்டர். அதாவது நீங்கள் இருக்கிற இடத்தைவிடத் தாழ்வான ஊருக்குக் குளிர் தேடிப் போகிறீர்கள். மலைகள் ஊரைச் சுற்றி இருக்கின்றன, ஊர் மலை மேல் இல்லை. ஏப்ரலில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு.

சரி, எப்போது போவது? என்னைக் கேட்டால் ஜனவரி. வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு அன்று இரவே கிளம்புங்கள். மகனுக்கு இரண்டு மூன்று நாள் லீவு சொல்ல வேண்டியிருக்கும், சொல்லலாம். அந்த மாதத்தில் மழை இல்லை, வானம் தெளிவாக இருக்கும். பகலில் 28, 29 டிகிரி, விடியற்காலையில் 15 அளவுக்கு இறங்கும். டிசம்பர் கடைசி வாரமும் இதே போல அருமையான காலம்தான், ஆனால் புத்தாண்டுக் கூட்டத்தில் அறை வாடகை எகிறிவிடும். காலாண்டு விடுமுறைக்குப் போனால் ஊர் பச்சைப்பசேல் என்று இருக்கும், மழையும் இருக்கும். 2024 அக்டோபரில் பிங் ஆறு பெருகி ஆற்றோரத் தெருக்கள் எல்லாம் மூழ்கின. முதியவரோடு போகிறவர்களுக்கு நான் அந்தக் காலத்தைச் சொல்வதில்லை.

பாங்காக் டிக்கெட்டின் தேதியை மாற்ற விமான நிறுவனம் கேட்கிற கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். மாற்றவே முடியாத டிக்கெட் என்றால் மார்ச்சிலேயே தாய்லாந்து போங்கள், ஆனால் வடக்கே வேண்டாம். பாயும் சியாங் ராயும் அதே புகைக்குள்தான் இருக்கின்றன. பாங்காக்கிலிருந்து தெற்கே கிராபிக்குப் போய்விடுங்கள். அந்த மாதத்தில் அந்தமான் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். வெயில் கடுமைதான், ஆனாலும் அம்மா நிம்மதியாக மூச்சு விடலாம். சியாங் மாயை ஜனவரிக்கு ஒத்திப்போடுங்கள்.

அம்மா செல்போனில் பார்த்தது யீ பெங் விளக்குத் திருவிழா. அது நவம்பர் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. அதே நாட்களில் வாழையிலை, பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தி வைத்த சின்னத் தெப்பங்களை ஆற்றில் விடும் லோய் கிரதோங்கும் நடக்கும். 2023-ல் திருவண்ணாமலைத் தீபம் நவம்பர் 26, லோய் கிரதோங் 27. எல்லா வருடமும் இப்படி ஒட்டி வராது. சில வருடங்களில் லோய் கிரதோங் நம் தீபத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடும். ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே நேரத்தில் எழும் அந்தக் காட்சி, பெரும்பாலும் ஊருக்கு வெளியே கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் நிகழ்ச்சிகளில் எடுத்தது. டிக்கெட் விலை அதிகம், திரும்பி வர நள்ளிரவாகும். அந்த இரவுகளில் விமானங்களையும் ரத்து செய்வார்கள் அல்லது நேரம் மாற்றுவார்கள். ஜனவரியில் போனால் இந்தக் காட்சி கிடைக்காது என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதுதான் வேண்டும் என்று அவர் சொன்னால் நவம்பருக்குத் திட்டமிடுங்கள். கட்டண நிகழ்ச்சியை விட்டுவிட்டு, மாலையில் ஆற்றங்கரையில் அவர் கையால் ஒரு தெப்பம் விடட்டும். நான் பார்த்தவரை வயதானவர்களுக்கு மனம் நிறைவது அங்கேதான்.

ஐந்து நாட்களில் மூன்று ஊர் வேண்டாம். பாய்க்குப் போகிற மலைப்பாதையில் 762 வளைவுகள். அந்த எண்ணைச் சட்டையில் அச்சடித்தே விற்கிறார்கள். வேனில் மூன்று மணி நேரம், திரும்பி வர இன்னொரு மூன்று மணி நேரம். வால்பாறை ரோட்டில் வாந்தி எடுக்காதவர்கள்கூட அங்கே எடுத்திருக்கிறார்கள். சியாங் ராயில் உள்ள வெள்ளைக் கோவிலைக் காலையில் கிளம்பி இரவில் திரும்பும் சுற்றுலாவாக விற்பார்கள். கோவிலில் இருப்பது ஒரு மணி நேரம், வண்டியில் இருப்பது ஆறு மணி நேரத்துக்கும் மேல். ஐந்து நாளையும் சியாங் மாய்க்கே கொடுங்கள்.

பாங்காக்கிலிருந்து போகும்போது இரவு ரயில், திரும்பும்போது விமானம். இது என் கட்டாய சிபாரிசு. குருங் தெப் அபிவத் என்ற புதிய நிலையத்திலிருந்து மாலையில் கிளம்பும் ரயில் ஏறக்குறைய 750 கிலோமீட்டரைக் கடந்து காலையில் சியாங் மாய் சேரும். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை எடுங்கள். மேல்படுக்கையைவிட அகலமானது, விலையும் கொஞ்சம்தான் அதிகம். ஏ.சி. பலமாக இருக்கும், சால்வை கையில் இருக்கட்டும். விடிந்த பிறகு மகனை எழுப்பிவிடுங்கள். காட்டு மலைகளுக்கு நடுவே போய், 1,352 மீட்டர் நீளமுள்ள குன் தான் குகைக்குள் ரயில் நுழைந்து வெளிவரும். திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள். ஊரின் இரண்டு மூலையில் இருக்கின்றன. உள்நாட்டு விமானம் ஒன்றிலும் சென்னை விமானம் மற்றொன்றிலும் அமைந்துவிட்டால், நடுவில் ஐந்து ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

பழைய நகரத்துக்குள் தங்குங்கள். 1296-ல் மங்ராய் மன்னர் லான்னா நாட்டின் தலைநகராக நிறுவிய ஊர் அது. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம், சுற்றிலும் அகழி. உள்ளே நிழல் விழும் சந்துகள், திரும்பின இடமெல்லாம் கோவில். அம்மா தன் வேகத்தில் நடக்கலாம். சிறிய விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, அதனால் தரைத்தள அறை கேளுங்கள். நிம்மன் பகுதி புதுமையாகவும் பளபளப்பாகவும் இருக்கும், ஆனால் தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

உள்ளூரில் சுற்ற சிவப்பு நிற சொங்தேவ் வண்டிகள் உண்டு. பின்னால் இரண்டு வரிசை பெஞ்ச் போட்ட ஷேர் வண்டி. கையைக் காட்டி இடத்தைச் சொன்னால் ஓட்டுநர் தலையாட்டுவார். நகருக்குள் தலைக்கு 30 பாட் அளவில் கேட்பார்கள். ஆனால் பின்பக்கப் படி உயரம், குனிந்து ஏற வேண்டும். அம்மா உடன் வரும்போது செல்போன் செயலியில் கார் கூப்பிடுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா என்று உங்கள் கணவர் நிச்சயம் கேட்பார். இருசக்கர வாகனத்துக்கும் பொருந்தும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் எடுக்க வேண்டாம். போலீஸ் அபராதம் சின்ன விஷயம். விபத்து ஆனால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும்.

இனி சாப்பாடு. எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். பௌத்த நாடுதானே, சைவம் சுலபம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். காய்கறி மட்டும் போட்ட வதக்கல் என்று கொண்டுவந்து வைப்பதிலும் நாம் ப்லா என்ற மீன் சாறு இருக்கும். குழம்பு மசாலாவில் இறால் விழுது அரைத்திருக்கும். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும். அவர்கள் ஏமாற்றுவதில்லை. நமக்கு உப்பு போல அவர்களுக்கு மீன் சாறு, அவ்வளவுதான். "சைவம்" என்பதற்கு அவர்களிடம் மங்சாவிராத் என்ற சொல் உண்டு. உற்றுக் கேட்டால் மாம்சம், விரதி என்ற வடமொழிச் சொற்கள் உள்ளே இருப்பது தெரியும். ஆனால் அந்தச் சொல் முட்டைக்கு இடம் கொடுக்கும். அம்மாவுக்கு வேண்டிய சொல் ஜே. சீன வழி பௌத்த நோன்புச் சாப்பாடு. மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ஜே கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும். அந்த எழுத்து பார்க்க 17 என்று எழுதியது போலவே இருக்கும். "பதினேழு எங்கே?" என்று தேடும் வேலையை மகனிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கடையில் "கின் ஜே" என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். "மாய் சாய் நாம் ப்லா" என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று அர்த்தம். ஒரு சிக்கல் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் கோழிக்கும் முட்டைக்கும் உள்ள சொற்கள் நம் காதுக்கு ஏறக்குறைய "கை", "காய்" என்றே கேட்கும். அம்மா தமிழ் நினைப்பில் "காய், காய்" என்று கையைக் காட்டினால் தட்டில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. அதனால் "மீன் சாறு, இறால் விழுது, முட்டை, இறைச்சி எதுவும் கூடாது" என்று தாய்லாந்து எழுத்தில் அச்சடித்த ஒரு அட்டையை அவர் கைப்பையில் வைத்துவிடுங்கள். வடக்கின் பெயர்பெற்ற காவ் சோய், தேங்காய்ப்பால் குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ், வழக்கமாகக் கோழியும் முட்டை நூடுல்ஸும் சேர்ந்தது. ஜே கடைகளில் டோஃபு போட்டுச் செய்வார்கள், அதை விட்டுவிடாதீர்கள். வெறும் சோறு எங்கும் கிடைக்கும். தயிர் வாங்கும்போது இனிப்பு சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவில் தயிர் சாதம் கிடைத்துவிட்டால் அடுத்த நாள் அம்மா உற்சாகமாக எழுந்திருப்பார்.

பார்க்க வேண்டியவற்றில் முதல் இடம் தோய் சுதேப் மலைக்கோவிலுக்கு. உங்கள் ஊருக்கு மருதமலை போல அந்த ஊருக்கு அது. புத்தரின் அஸ்தியைச் சுமந்த வெள்ளை யானை மலையேறி, மூன்று முறை பிளிறி, உயிர்விட்ட இடத்தில் கட்டியது என்பது ஐதீகம். மலைக்கு ரோடு வந்தது 1935-ல். க்ரூபா ஸ்ரீவிச்சை என்ற துறவி கேட்டுக்கொண்டதற்காக ஊர் ஊராக மக்கள் திரண்டு, கூலி வாங்காமல் வெட்டிய ரோடு அது. மலையடிவாரத்தில் அவர் சிலைக்கு இன்றும் பூ வைத்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். ரோடு முடிகிற இடத்திலிருந்து இருபுறமும் நாகம் நெளியும் 300-க்கும் மேற்பட்ட படிகள். அம்மா ஏற வேண்டாம், பழனி விஞ்ச் மாதிரி ஒரு பெட்டி உண்டு. காலை ஏழு மணிக்குள் மேலே போய்விடுங்கள். கூட்டம் வருவதற்கு முன் பொன் வேய்ந்த சேடியை, அதாவது அந்த ஸ்தூபியை, பிரார்த்தனை செய்கிறவர்களோடு சேர்ந்து வலம்வருவது வேறு அனுபவம்.

நகருக்குள் வாட் சேடி லுவாங். 1545-ல் நிலநடுக்கத்தில் உச்சி சரிந்த பிரம்மாண்டமான செங்கல் கோபுரம், சரிந்தபடியே நிற்கிறது. மாலை வெயிலில் பாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லாக் கோவிலிலும் அவசியம், காலை நீட்டி புத்தரைப் பார்த்து உட்காரக் கூடாது. ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன், வெள்ளிக் கோவிலின் மூலக் கட்டடத்துக்குள் பெண்களை விடுவதில்லை. நீங்களும் அம்மாவும் அவ்வளவு தூரம் போய் வாசலில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தைக் குகைகளுக்குள் அமைந்த வாட் உமோங் கோவிலுக்குக் கொடுங்கள். ஞாயிறு மாலை ராச்சடம்னோன் வீதி முழுவதும் சந்தையாகிவிடும், பயணத்தில் ஒரு ஞாயிறு வரும்படி நாளைப் பாருங்கள்.

யானை விஷயத்தை மகனிடம் நீங்களே உட்கார்ந்து பேச வேண்டும். 1989-ல் தாய்லாந்து அரசு காட்டில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. தடி இழுத்த யானைகளும் பாகன்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். பலர் பிழைப்புக்காகச் சுற்றுலாவுக்கு வந்தார்கள், சவாரியும் வித்தை காட்டுவதும் பெருகியது. ஆள் ஏற்றிக்கொள்ள ஒரு யானை சம்மதிக்க வேண்டுமென்றால், குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரித்துக் கட்டிப்போட்டு, அடித்து, பயப்படுத்திப் பழக்குகிறார்கள். பத்து வயதுப் பையனுக்கு இது புரியும். சவாரி, வித்தை, அங்குசம் மூன்றும் இல்லாத காப்பகமாகத் தேர்ந்தெடுங்கள். யானையைக் குளிப்பாட்டலாம் என்று விளம்பரம் செய்கிற இடங்களையும் நான் தவிர்க்கிறேன். நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்கள் தொட்டுக்கொண்டே இருப்பது யானைக்கும் நல்லதில்லை, குழந்தைக்கும் ஆபத்து. தூரத்திலிருந்து அவை தம் போக்கில் மேய்வதைப் பார்த்தாலே போதும். சவாரிக்குப் பதிலாக புவா தோங் அருவிக்குக் கூட்டிப்போங்கள். பாறை மேல் சுண்ணாம்பு படிந்து சொரசொரவென்று இருப்பதால் கால் வழுக்காது, பாயும் தண்ணீருக்குள்ளேயே வெறுங்காலோடு மேலே ஏறலாம். அவன் இறங்க மறுப்பான்.

நுழைவு விஷயம் சுருக்கமாக: இந்தியர்களுக்கான விசா விதி சமீப ஆண்டுகளில் பல முறை பேச்சுக்கு வந்திருக்கிறது. டிக்கெட் மாற்றும் முன் தாய்லாந்து தூதரகத்தின் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். 2025 மே முதல் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், தரையிறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். இது இலவசம். காசு கேட்கிற இணையதளம் எதுவாக இருந்தாலும் போலி. சுற்றுலா போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669, இரண்டு எண்களையும் அம்மாவின் போனிலும் பதிந்துவிடுங்கள். அவருடைய இன்ஹேலர் ஒன்றுக்கு இரண்டாக, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வரட்டும்.

தோய் இந்தனோன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கே போனதும் எல்லோரும் சொல்வார்கள். தாய்லாந்தின் உயரமான சிகரம், 2,565 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடச் சற்றே தாழ்வு. நீங்கள் தேடிய ஊட்டிக் குளிர் அங்கேதான் இருக்கிறது, ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனிகூடப் பார்க்கலாம். போக ஒரு முழு நாள் வேண்டும். ஊட்டியில் குளிர்காற்று பட்டபோது அம்மாவுக்கு எப்போதாவது இழுப்பு வந்திருக்கிறதா? வந்திருந்தால் அன்று நீங்களோ கணவரோ மகனை மட்டும் கூட்டிப்போங்கள். மற்றவர் அம்மாவோடு பழைய நகரத்திலேயே இருந்துவிடலாம்.